ஏழாம் எண் கணினி ஓய்வெடுத்த வரலாறு

திங்கட்கிழமை காலை பத்து மணி ஏழு நிமிடத்துக்கு, பதிவு அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலில் இருந்த ஏழாம் எண் கணினி எழுந்திருக்க மறுத்துவிட்டது.

மறுத்தது என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். அது மரியாதையாகவே நடந்துகொண்டது. பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுற்றியது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி வந்து நின்றது. துவங்குவதற்குரிய வட்டு எதுவும் கிடைக்கவில்லை என்று அந்த வரி ஆங்கிலத்தில் வருத்தம் தெரிவித்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாம் ஜன்னலின் எழுத்தரம்மா பதினெட்டு வருஷ சர்வீஸ் போட்டவர். எதற்கும் பதறமாட்டார். அணைத்தார், போட்டார். மறுபடி அணைத்தார், போட்டார். ஒன்பதாவது தடவையும் அதே வெள்ளை வரி வந்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே நின்ற நாற்பது பேரைப் பார்த்தார். நாற்பது பேரும் அவரைப் பார்த்தார்கள்.

வரிசையில் நான்காவதாக நின்றவர் ஒரு தையல்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்திருக்கிறார் என்று அதிலிருந்தே தெரிந்தது.

"மேடம், வயசுச் சான்று ஒண்ணு திருத்தணும். அம்மாவுக்கு எழுபத்தொரு வயசு. சான்றுல பதினேழுன்னு விழுந்திருக்கு."

எழுத்தரம்மா வாங்கிப் பார்த்தார். பதினேழுதான். முத்திரை, கையெழுத்து எல்லாம் சுத்தமாக இருந்தன.

"வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். பதினோரு மணிக்குள்ள சேத்தாகணும். முதியோர் பிரிவுல பதினேழு வயசுப் பொண்ணைச் சேக்க முடியாதுங்கறாங்க. குழந்தைகள் பிரிவுக்குப் போங்கன்னு சீட்டு எழுதிக் குடுத்துட்டாங்க."

"குழந்தைகள் பிரிவுல என்ன சொன்னாங்க?"

"பெத்தவங்க கையெழுத்து வேணுமாம்."

எழுத்தரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. தையல்காரர் முகத்தைப் பார்த்ததும் அது பாதியிலேயே நின்றுவிட்டது.

"இந்தத் தேதியை விட்டா அடுத்த தேதி எட்டு மாசம் கழிச்சுத்தான் மேடம். இப்பவே அம்மா என்னைக் குரலை வெச்சுத்தான் கண்டுபிடிக்கறாங்க. பேசாம உள்ள போனா, யாருன்னு கேக்கறாங்க."

எண்ணைத் திருத்தி அச்செடுக்க நான்கு நிமிடம் போதும். எழுத்தரம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் அவருக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து பிரிவுத் தலைவரின் அறைக்குப் போனார்.

பிரிவுத் தலைவரை அலுவலகத்தில் எல்லோரும் சுற்றறிக்கையார் என்று அழைப்பார்கள், அவர் காதில் விழாமல். யார் என்ன கேட்டாலும் அதற்கு ஒரு சுற்றறிக்கை எண் சொல்வார். மழை பெய்யுமா என்று ஒருமுறை யாரோ கேட்டதற்கும் சொல்லியிருக்கிறார்.

"சார், ஏழாம் நம்பர் கணினி ஓடல."

"விளக்கு எரியுதா?"

"எரியுது சார்."

"விசிறி?"

"சுத்துது."

"அப்புறம் என்னம்மா, ஓடுது."

"திரையில ஒண்ணும் வரலியே சார்."

சுற்றறிக்கையார் பழுதறிவிப்புப் படிவத்தை எடுத்து மேலிருந்து கீழாக விரலை ஓட்டினார். "விளக்கு இருக்கு, விசிறி இருக்கு. திரையைப் பத்தி இதுல கேள்வியே இல்லையே. ஓடற கணினியை ஓடலைன்னு எழுதிக் குடுத்தா அது பொய் அறிக்கை ஆயிடும்மா."

"ஆனா வேலை நடக்கலியே சார்."

"கணினி ஓடுது. வேலை நடக்கல. அப்பக் குறை எங்க இருக்கு?" அவர் எழுத்தரம்மாவை மிகவும் கனிவாகப் பார்த்தார். "உங்களுக்கும் அதுக்கும் நடுவுல இருக்கு."

இந்த இடத்தில் அந்த இலாகாவில் அப்போது நிலவிய நாகரிகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் எல்லா நாற்காலிகளையும் எடுத்துவிட்டு, நின்றுகொண்டே வேலை செய்தால் சிந்தனை பெருகும் என்றார்கள். கால் வீங்கியதுதான் மிச்சம். போன வருஷம் ஆளுக்கொரு ரப்பர் பந்து கொடுத்துப் பிசையச் சொன்னார்கள். இந்த வருஷம் வந்திருப்பது இயந்திர நல்லுறவு. மனிதனும் இயந்திரமும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டால் பழுது என்பதே இராது என்பது அதன் சாரம். இதற்கென்றே ஓர் ஆலோசகர் நியமிக்கப்பட்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை ஆலோசகர் வந்தார். கோட்டும், வெள்ளைக் கான்வாஸ் காலணியும் அணிந்திருந்தார். அறையில் இருந்தவர்கள் ஒன்பது பேர்தான் என்றாலும் காதோரம் ஒலிவாங்கி மாட்டியிருந்தார். கணினியைச் சுற்றி எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துவிட்டு எழுத்தரம்மாவிடம் கேட்டார்.

"காலையில வந்ததும் இதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"பொத்தானை அழுத்துவேன்."

"எத்தனை வருஷமா?"

"இந்தக் கணினி வந்து ஆறு வருஷம் ஆச்சு."

ஆலோசகர் வெள்ளைப் பலகைக்குப் போய் 'அழுத்தம்' என்று எழுதி இரண்டு கோடு போட்டார். "ஆறு வருஷமா அழுத்தம். ஒரு தடவையாவது வணக்கம் சொல்லியிருக்கீங்களா?"

எல்லோரும் எழுத்தரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலை தானாகக் கவிழ்ந்தது. பிறகு கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி நடந்தது. கணினியின் விசிறிச் சத்தத்தோடு சேர்ந்து மூச்சை இழுத்து விடவேண்டும். பத்தாவது நிமிடத்தில் சுற்றறிக்கையார் லேசாகக் குறட்டை விட்டார். ஒத்திசைவில் அவரே எல்லோரையும் விட முன்னேறியிருப்பதாக ஆலோசகர் பாராட்டினார்.

"சார், அந்தத் திரையில ஒரு வரி இங்கிலீஷ்ல இருக்கே, அது என்னன்னு ஒரு தடவை பாத்துட்டா..." என்று எழுத்தரம்மா மெதுவாக இழுத்தார்.

"வார்த்தைகளைப் பார்க்காதீங்க. உணர்வைப் பாருங்க" என்றார் ஆலோசகர்.

புதன்கிழமை அறிக்கை வந்தது. ஏழாம் எண் கணினி உழைப்புச் சோர்வால் பாதிக்கப்பட்டிருப்பதாகவும், அதற்கு நாற்பது நாள் பூரண ஓய்வு தேவை என்றும் இருபத்திரண்டு பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. மாடியில் இருக்கும் இயக்குநர் மத்தியானமே ஒப்புதல் அளித்தார். மேற்படி கணினி மேற்படி நாட்களில் இயங்காது என்பதை அனைத்து அலுவலகங்களும் மருத்துவமனைகளும் பள்ளிகளும் அறியவேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை புறப்பட்டது. மூன்றாம் ஜன்னலில் கணினிக்கு வெள்ளைத் துணி போர்த்தினார்கள். 'ஓய்வில் உள்ளது. அமைதி காக்கவும்' என்று பலகை வைத்தார்கள்.

ஜனங்கள் ஒன்றும் சத்தம் போடவில்லை. பலகையைப் படித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். டோக்கன் வரிசையில் முதலில் இருந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். யாராவது இருமினால் கூட அவர் திரும்பிப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். மூன்று நாளாக முதலிடத்தில் நின்றதில் அவருக்கு ஒரு கம்பீரம் வந்திருந்தது. புதிதாக வருபவர்கள் அவரிடம் அனுமதி கேட்டுத்தான் வரிசையில் சேர்ந்தார்கள்.

தையல்காரர் மட்டும் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். அலுவலர்களுக்குத் தெரிவது கணினியின் முகம். பொதுமக்களுக்குத் தெரிவது அதன் முதுகு. போர்த்தின துணி முதுகுப்பக்கம் சற்றே விலகியிருந்தது.

"மேடம், நான் இதெல்லாம் படிச்சவன் இல்ல. ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"என் மெஷின் நின்னுபோச்சுன்னா, முதல்ல எங்கயாவது நூல் சிக்கியிருக்கான்னுதான் பாப்பேன். இதோட முதுகுல மஞ்சளா ஏதோ குத்திக்கிட்டு இருக்கே, அது இதோடதுதானா?"

எழுத்தரம்மா எழுந்து மேஜையைச் சுற்றி வந்து குனிந்தார். தங்க நிறத்தில் ஒரு பென் டிரைவ். அதன் மேல் இயக்குநரின் பெயர் பொறித்திருந்தது.

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. போன வெள்ளிக்கிழமை காகிதமில்லா அலுவலகத் திட்டத்தின் துவக்க விழா. காகிதத்தை ஒழிப்பது பற்றிய தம் உரையை நூற்றைம்பது பிரதி அச்செடுக்க இயக்குநரே கீழே இறங்கி வந்து, தம் கையாலேயே அதைச் செருகினார். அச்சானதும் கைதட்டலோடு மேடைக்குப் போய்விட்டார். எடுக்க மறந்தாரா, எடுக்கவேண்டும் என்பதே தெரியாதா என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். திங்கட்கிழமை காலை கண்விழித்த கணினி, முதலில் கைக்கு எட்டிய இந்த டிரைவுக்குள் போய் 'எப்படித் துவங்குவது' என்று தேடியிருக்கிறது. அதில் அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சுற்றறிக்கையாரிடம் ஓடினார்.

"சார், காரணம் தெரிஞ்சுபோச்சு! பின்னாடி ஒரு பென் டிரைவ் இருக்கு. எடுத்துட்டா சரியாயிடும்."

"யாரோடது?"

"இயக்குநரோடது."

சுற்றறிக்கையார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார். "தொட்டீங்களா?"

"இல்ல சார்."

"நல்ல காரியம் செஞ்சீங்க. இயக்குநர் பொருளை இயக்குநர் அனுமதியில்லாம எடுத்தா அது என்ன? திருட்டு. அனுமதி கேட்டு எழுதினா? அவராலதான் கணினி நின்னுச்சுன்னு குத்தம் சொன்ன மாதிரி ஆகும். அது என்ன? அவதூறு."

"அப்ப என்னதான் சார் பண்றது?"

"அங்க பென் டிரைவ் எதுவும் இல்ல."

"நான் கண்ணால பாத்தேன் சார்."

"இருபத்திரண்டு பக்க அறிக்கையில அதைப் பத்தி ஒரு வரி இருக்கா? இல்லல்ல? இல்லாத ஒண்ணை நீங்க எப்படிம்மா எடுப்பீங்க?"

அன்று சாயங்காலம் வீட்டில் எழுத்தரம்மா காய் நறுக்கிக்கொண்டே கணவரிடம் முழுக்கதையையும் சொன்னார். கணவர் பேருந்து ஓட்டுநர். நடுவழியில் நின்றுபோன வண்டிகளோடு இருபது வருஷம் குப்பை கொட்டியவர்.

"பிடுங்கினா வேலை போயிடுமா?" என்று கேட்டார் அவர்.

"போகலாம்."

"பிடுங்கலேன்னா?"

"ஒண்ணும் ஆகாது. நாற்பது நாளும் சும்மா உக்காந்து சம்பளம் வாங்கலாம்."

"அப்ப ஏன் காயை இவ்வளவு பொடியா நறுக்கற?"

எழுத்தரம்மா கீழே பார்த்தார். கத்தரிக்காய் கூழாகியிருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் எல்லோரும் மூச்சுப் பயிற்சிக்கு மாடிக்குப் போனார்கள். தலைவலி என்று சொல்லி எழுத்தரம்மா மட்டும் தங்கினார். வெள்ளைத் துணியை விலக்கினார். பதினெட்டு வருஷத்தில் யாரையும் கேட்காமல் அவர் செய்த முதல் காரியம் அது. பிடுங்கினார். பொத்தானை அழுத்தினார். இரண்டு வினாடி ஒன்றுமில்லை. பிறகு டிங் என்று ஒரு சத்தம் கேட்டது, நீலத் திரை மலர்ந்தது.

"தையல்காரரே, வாங்க!"

"நில்லுங்க" என்றது ஒரு குரல். ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர்தான். "அவர் நாலாம் டோக்கன். நான் ஒண்ணு."

"சரி ஐயா, நீங்க முதல்ல வாங்க. நாலு நிமிஷ வேலை."

ஆய்வாளர் திடுக்கிட்டார். திரும்பித் தமக்குப் பின்னால் நீண்டிருந்த வரிசையைப் பார்த்தார். வேலை முடிந்துவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். வீட்டில் அவர் ஒன்றாம் எண் இல்லை. "ஓய்வுல இருக்கற கணினியிலயா? பலகை என்ன சொல்லுது? முறைப்படி நடக்காத எதுவும் எனக்கு வேண்டாம்" என்றார். இரண்டும் மூன்றும் அவர் சொன்னதே சரி என்று தலையாட்டின. ஆகவே நான்காம் டோக்கனின் முறை வந்தது. பதினேழு எழுபத்தொன்றானது. தையல்காரர் சான்றை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஓடினார்.

மாடியிலிருந்து இறங்கி வந்த சுற்றறிக்கையார் நீலத் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யாரைக் கேட்டு இதை ஓட வெச்சீங்க?"

"ஓடறது நல்லதுதானே சார்?"

"நாற்பது நாள் ஓடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. இப்ப இது ஓடினா, நாங்க சொன்னது என்ன ஆகும்?" அவரே போய் வெள்ளைத் துணியை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த கணினியின் மேல் போர்த்தினார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தையல்காரர் திரும்பி வந்தார். இந்தத் தடவை கழுத்தில் அளவு நாடா இல்லை.

"ஏத்துக்கமாட்டேங்கறாங்க மேடம். ஏழாம் நம்பர் கணினி நாற்பது நாள் இயங்காதுன்னு அவங்ககிட்ட சுற்றறிக்கை இருக்காம். இயங்காத கணினியில அச்சான சான்று போலியாத்தான் இருக்கணுமாம். போலீசுக்குச் சொல்லாம விட்டதே பெரிசுன்னாங்க. அம்மா அங்க வராந்தாவுல உக்காந்திருக்காங்க."

எழுத்தரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார். "இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினார். சுற்றறிக்கையார் ஏதோ எண் சொல்லிக் கூப்பிட்டார். அவர் நிற்கவில்லை.

இயக்குநரின் அறையில் மேஜை இழுப்பறைகள் எல்லாம் வெளியே கிடந்தன. இயக்குநர் தரையில் மண்டியிட்டு அலமாரிக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தார்.

"சார், இதையா தேடறீங்க?"

இயக்குநர் நிமிர்ந்தார். உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்தார். தொலைந்த பிள்ளை கிடைத்த மாதிரி அதை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"நூத்தியிருபது கவிதை இதுல இருக்கு. வேற பிரதியே கிடையாது. ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "யாராவது படிச்சாங்களா?"

"இல்ல சார். சத்தியமா யாரும் படிக்கல."

"ஒண்ணுகூடவா?" இயக்குநரின் முகம் வாடியது.

எழுத்தரம்மாவுக்கு ஆஸ்பத்திரி வராந்தா கண்முன்னால் வந்தது. மணி பத்தைத் தாண்டியிருந்தது. அடுத்து வந்த வார்த்தைகள் தம் வாயிலிருந்துதான் வந்தனவா என்று அவருக்கே பிற்பாடு சந்தேகமாக இருந்தது.

"கணினி படிச்சிருக்கும் சார். அதான் வாயடைச்சுப்போய் நாலு நாள் அப்படியே நின்னுடுச்சு."

இயக்குநரின் கண் கலங்கியது. "இயந்திரமே அசந்துபோச்சுன்னு சொல்றீங்க."

"இப்பத் தெளிஞ்சுடுச்சு சார். ஓய்வு முடிஞ்சதுன்னு ஒரு உத்தரவு மட்டும் போட்டீங்கன்னா, ஒரு அம்மாவுக்குக் கண்ணு கிடைக்கும்."

ஐந்தே நிமிடத்தில் திருத்தச் சுற்றறிக்கை தயாரானது. முந்தைய சுற்றறிக்கையில் 'நாற்பது நாள்' என்று இருப்பதை 'ஒரு நாள்' என்று திருத்தி வாசிக்கவும் என்பது அதன் மொத்த வாசகம். இயக்குநரே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினார். பத்து ஐம்பதுக்கு எழுபத்தொரு வயது மூதாட்டி ஒருவர் முதியோர் பிரிவில் முறைப்படி சேர்க்கப்பட்டார்.

கட்டுப் பிரித்த அன்று அந்த அம்மா மகனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னடா இப்படி நரைச்சுப்போயிட்ட, சொல்லவேயில்ல?" என்றாராம். தையல்காரர் மூன்றாம் ஜன்னலுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தார், கொஞ்சம் அழுதார். எழுத்தரம்மாவும் அப்படியே.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் ஒரு கணினி நாற்பது நாள் ஓய்வை ஒரே நாளில் முடித்துக்கொண்டது இலாகா வரலாற்றில் இல்லாத சாதனை. மேலிடம் அதைக் கவனித்தது. கணினியின் மனதை அறிந்தவர் யார் என்று கேட்டது. இயக்குநர் எழுத்தரம்மாவின் பெயரை எழுதினார். அடுத்த மாதமே அவர் இயந்திர நல்லுறவு அலுவலர் ஆனார். நகரத்தின் பதினான்கு அலுவலகங்களுக்கும் அவர்தான் பொறுப்பு. தனி அறை, கைப்பிடி வைத்த நாற்காலி, மரத்தைப் பார்த்த மாதிரி இரண்டு ஜன்னல். கதவில் பித்தளைப் பலகை. அதைப் பார்த்த கணவர், "பிடுங்கினா வேலை போகும்னியே" என்று மட்டும் சொன்னார்.

ஒரு திங்கட்கிழமை, வரி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"மேடம், எங்க கணினி எழுந்திருக்கவே இல்ல. சுவத்துல பிளக் ஆடுது. அழுத்திச் செருகினாப் போதும். நான் கை வைக்கப் போனேன், நல்லுறவு அலுவலரைக் கேக்காம தொடக்கூடாதுன்னு பிடிச்சு இழுத்துட்டாங்க. வெளிய முப்பது பேர் நிக்கறாங்க மேடம். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

ஒரு வார்த்தைதான். நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது. எழுத்தரம்மா, அதாவது அலுவலர், வாயைத் திறந்தார். அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். ஒரு வார்த்தையில் தீருகிற விஷயத்துக்கு இவ்வளவு பெரிய அறை எதற்கு என்று நாளைக்கு யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது? மரத்தில் ஒரு அணில் ஏறியது. அவர் நாற்காலியின் கைப்பிடியை மெதுவாகத் தடவினார்.

"செருகலாம்தான்மா" என்றார் மிகவும் கனிவாக. "ஆனா செருகிக்க அது தயாரா இருக்கான்னு யாராவது கேட்டீங்களா?"

வந்த பெண் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

"இதையே எழுத்து மூலமா குடுத்துட்டீங்கன்னா எங்களுக்கு வசதியா இருக்கும் மேடம்."